ஒற்றைச் செருப்பு

அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைப் பெரியவள் கவனிக்கவில்லை. அவள் காது படிக்கட்டில் இருந்தது.

ஒரு கால் வைக்கும் சத்தம். சற்று நிறுத்தம். சுவரில் உள்ளங்கை உரசும் சத்தம். பிறகு இன்னொரு கால், தரையை இழுத்தபடி.

அவள் கணவன் கடைசி மாதங்களில் அப்படித்தான் படி இறங்கினான். அவன் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. சத்தம் மட்டும் இந்த வீட்டை விட்டுப் போகவில்லை.

சென்ற வாரம் இந்தச் சத்தத்தை வைத்துத்தான் வீட்டில் அந்தப் பெரிய சண்டை வந்தது. "ராத்திரியில அவர் நடக்கறது எனக்குக் கேக்குது" என்று பெரியவள் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். கொழுந்தன் சின்னவனின் மனைவி, கையிலிருந்த தட்டை ணங்கென்று மேஜையில் வைத்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டிலும் எல்லோருக்கும் டீச்சர்தான், கட்டிய கணவன் உட்பட.

"அக்கா, செத்துப்போனவரோட இன்னும் எத்தனை நாள் குடித்தனம் பண்றது? நானும் இந்த வீட்லதான் வாழணும்."

பெரியவள் கட்டிலடியிலிருந்து பெட்டியை இழுத்து வெளியே வைத்தாள். தங்கை வீட்டுக்குப் போகிறேன் என்றாள். எப்போது என்று சொல்லவில்லை. பெட்டி இன்னும் பாதி காலியாக வாய் பிளந்து கிடந்தது.

பால் தீயும் வாடை மூக்கில் ஏறியதும் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தாள். படிக்கட்டில் யாரும் இல்லை. திருப்பத்தில், கணவனின் கை பட்டுப் பட்டுக் கறுத்துப்போன ஓர் இடம் இருந்தது. வெள்ளையடிக்க வந்தவர்களைக்கூட அதைத் தொட அவள் விட்டதில்லை. அந்தக் கறுப்பின் மேல் இப்போது புதிதாக ஓர் உள்ளங்கை ஈரம்.

தொட்டுப் பார்த்தாள். விரலில் சோப்பு வாசனை.

ஆவிக்குக் கை நனையுமா?

விறுவிறுவென்று கீழே இறங்கினாள்.

கீழ்த்தளம் முழுவதும் சலவைக்கூடம். அண்ணனும் தம்பியுமாக ஆரம்பித்தது. ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளும் துவாலைகளும் அழுக்காக வந்து வெள்ளையாகத் திரும்பும். சின்னவனுக்கு அங்கே 'கிரேன்' என்று பட்டப்பெயர். இரண்டு பேர் பிடித்தாலும் அசையாத ஈர மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்கித் தள்ளுவண்டியில் போட்டுவிடுவான்.

அந்தக் கிரேனுக்கு இடுப்பு வலி வந்து மாதக்கணக்கில் ஆகிறது. இடுப்புப் பட்டை, மருந்துக்கடை மாத்திரை, யாரோ சொன்ன தைலம் என்று காலத்தை ஓட்டினான். வலி இடது தொடை வழியாகக் காலுக்கு இறங்கியபோதும் ஓட்டினான். டாக்டர் என்று யாராவது வாயெடுத்தால் பேச்சை மாற்றிவிடுவான், அல்லது இடத்தை.

இப்போது அவன் துணி பிழியும் மெஷினுக்குள் கையை விட்டு ஈர விரிப்புகளை உருவிக்கொண்டிருந்தான்.

"தம்பி, இப்ப படியில இறங்கினது நீயா?"

"ஆமா அண்ணி. ஏன்?"

"சுவரைப் பிடிச்சுட்டா இறங்கின?"

"ஒரு பிடிமானத்துக்குத்தான்." அவன் சிரித்தான். "ஆனா நல்ல சேதி ஒண்ணு இருக்கு. இன்னிக்கு வலியே இல்ல. நேத்துவரைக்கும் உயிர் போச்சு. இன்னிக்குப் பஞ்சு மாதிரி இருக்கு."

அப்பாடா என்று மூச்சு விட்ட பெரியவளின் பார்வை தற்செயலாகக் கீழே போனது.

அவன் வலது காலில் செருப்பு இருந்தது. இடது காலில் இல்லை. அது நாலு எட்டு தள்ளி, துணி கொட்டும் மேஜையருகே குப்புறக் கிடந்தது. சில்லென்ற சோப்புத் தண்ணீரில் வெறும் பாதத்தோடு நின்றுகொண்டு அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"செருப்பு எங்கே?"

"கால்லதான்..." குனிந்து பார்த்தான். சிரிப்பு முகத்திலேயே உறைந்து நின்றது.

"எப்பக் கழண்டுது?"

"தெரியல அண்ணி."

"காலைத் தூக்கு."

தூக்கினான். முழங்கால் வந்தது. பாதம் அதோடு எழவில்லை. கொடியில் போட்ட ஈரத்துணி போலத் தொங்கியது.

பெரியவள் கணவனோடு ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில், பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு பெயிண்டர் வந்திருந்தார். அவரைப் பார்க்க வந்த டாக்டர், அவர் குடும்பத்தை நிற்க வைத்துச் சொன்னது அவளுக்கு வார்த்தை வார்த்தையாக நினைவிருந்தது. 'இடுப்பு வலி யாருக்கும் வரும். பெரும்பாலும் சில வாரத்துல தானா அடங்கிடும். ஆனா கால் துவண்டா, உட்கார்ற இடம் மரத்துப்போனா, சிறுநீர் நின்னுபோனா, அப்புறம் ஒரு நாள்கூடத் தள்ளக்கூடாது. அன்னைக்கே வரணும்.' பெயிண்டர் தள்ளிவிட்டுத்தான் வந்திருந்தார். சக்கர நாற்காலியில்தான் வீடு திரும்பினார்.

அடுத்துக் கேட்க வேண்டியது ஓர் அண்ணி கொழுந்தனிடம் கேட்கக்கூடிய கேள்வி அல்ல. இஸ்திரி மேஜையில் இரண்டு பெண்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். பெரியவள் பிழியும் மெஷினின் கதவைச் சாத்திப் பொத்தானை அழுத்தினாள். அது ஊரைக் கூட்டும் இரைச்சலோடு சுழல ஆரம்பித்தது.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன். அண்ணி கேக்கறான்னு நினைக்காத, நர்ஸ் கேக்கறான்னு நினைச்சுக்க. உட்கார்ற இடத்துல, தொடை இடுக்குல, தொட்டா தெரியுதா?"

அவன் காது மடல் சிவந்தது. "என்ன அண்ணி இது... போங்க அந்தப் பக்கம்."

"வெக்கத்தை அப்புறமா வச்சுக்கலாம். தெரியுதா, இல்லையா?"

அவன் மெஷினைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "காலைல நாற்காலியில உக்காந்தேன். கட்டைமேல கட்டையை வச்ச மாதிரி இருந்துது."

"ஒண்ணுக்குப் போனியா?"

"நேத்து சாயங்காலம் போனது. அப்புறம் போகணும்னே தோணல. வயிறு மட்டும் கல்லு மாதிரி இருக்கு."

"கிளம்பு. ஆஸ்பத்திரிக்கு."

"நாளைக்குப் பாக்கலாம் அண்ணி. மத்தியானத்துக்குள்ள விரிப்பெல்லாம் போயாகணும். அதான் வலியே இல்லையே!"

"வலி இல்லைன்னு சொல்றியே, அதுதான் எனக்கு பயமா இருக்கு."

அவன் தள்ளுவண்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணன் அந்த ஆஸ்பத்திரிப் படியில தானா ஏறித்தான் உள்ள போனான். வெளிய வரும்போது தூக்கிட்டு வந்தோம். ஒரு முனையை நான்தான் பிடிச்சேன். எத்தனையோ மூட்டை தூக்கறேன் அண்ணி, எல்லாம் மறந்துபோகுது. அவன் கனம் மட்டும் கையை விட்டுப் போக மாட்டேங்குது." "டாக்டர் வாயால சொன்னாத்தான் அது வியாதி. அதுவரைக்கும் வெறும் இடுப்பு வலி. இருந்துட்டுப் போகட்டுமே."

"உங்க அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போனதால போகல. போகாம இருந்ததால போனார்" என்றாள் பெரியவள்.

இரைச்சலையும் மீறி அது அவனுக்குக் கேட்டது. தள்ளுவண்டியின் விளிம்பை விட்டான்.

அவள் டீச்சருக்கு போன் செய்தாள்.

"அக்கா, வகுப்புல இருக்கேன்."

"புத்தகத்தை மூடிட்டு வாசலுக்கு வா. உன் வீட்டுக்காரருக்குக் கால் உணர்ச்சியில்லாமப் போச்சு."

ஓட்டலுக்குப் போக வேண்டிய வேனில், மடித்து அடுக்கிய வெள்ளை விரிப்புகளின் மேலேயே அவனைப் படுக்க வைத்தார்கள். "அழுக்காயிடும் அண்ணி, திரும்ப வெளுக்கணும்" என்று அவன் முனகினான். "நான் வெளுக்கறேன், நீ வாயை மூடு" என்றாள் பெரியவள்.

பள்ளிக்கூட வாசலில் டீச்சர் ஏறினாள். விரல்களில் சாக்பீஸ் தூள். கணவனைப் பார்த்தாள், தொங்கும் பாதத்தைப் பார்த்தாள்.

"எத்தனை நாளா?"

"இன்னிக்குத்தான்."

"பொய்."

"...கால் மரமரன்னு இருக்கறது போன வாரத்துலேர்ந்து."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா கூட்டிட்டுப் போயிருப்ப."

டீச்சர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். தெரு ஓடிக்கொண்டிருந்தது. வேன் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அவன் முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. இரண்டு பெண்களும் அதைக் கவனித்தார்கள்.

பெரியவளுக்குக் காலையிலிருந்து ஓர் ஆறுதல் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. இவ்வளவு அவசரத்திலும் அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அப்ப ராத்திரியெல்லாம் படியில நடந்ததும் நீதானே, தம்பி? நான்தான் என்னென்னவோ நினைச்சு..."

"ராத்திரியா?" அவன் விழித்தான். "போன வாரம் வரைக்கும் நான் எங்க அண்ணி மேல வந்தேன்? தரை கெட்டியா இருந்தா இடுப்புக்கு நல்லதுன்னு மாசக்கணக்கா கீழே சலவைக்கூடத்துலதானே படுத்திருந்தேன்?"

சாக்பீஸ் தூள் படிந்த ஒரு கை மெல்ல நகர்ந்து வந்து பெரியவளின் மணிக்கட்டைப் பிடித்தது.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் ஒரு நர்ஸ் தலை நிமிராமலே கேட்டாள். "என்ன பண்ணுது?"

"இடுப்பு வலிதாங்க. இப்பப் பரவால்ல" என்றான் சின்னவன்.

"அப்படி உக்காருங்க. கூப்பிடுவாங்க."

பெரியவள் முன்னால் வந்தாள். "வெறும் இடுப்பு வலி இல்லம்மா. இடது பாதம் தொங்குது. உட்கார்ற இடம் மரத்திருக்கு. நேத்து சாயங்காலத்துலேர்ந்து சிறுநீர் வரல."

நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தாள். அடுத்த நிமிஷம் ஸ்ட்ரெச்சர் வந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. சிறுநீர்க் குழாய் போட்டார்கள். ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். நரைத்த கிராப்புத் தலையோடு ஒரு டாக்டரம்மா வந்து இருவரையும் தனியே அழைத்தார்.

"முதுகெலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்குமில்லையா, அதுல ஒண்ணு பிதுங்கி, கீழே போற நரம்புக் கொத்தை நசுக்கிட்டிருக்கு. வலி நின்னது சரியானதால இல்ல, நரம்பு சோர்ந்துபோனதால. இன்னிக்கே ஆபரேஷன் பண்ணணும். உயிருக்கு பயமில்ல. கால் பலமும் சிறுநீர்க் கட்டுப்பாடும் எந்த அளவுக்குத் திரும்பும்னு இப்ப என்னால சொல்ல முடியாது. நேத்தே வந்திருக்கலாம். நாளைக்குன்னு தள்ளாம இன்னிக்கே வந்தீங்களே, அதைச் சொல்லணும்."

"வீட்ல வேற யாருக்காவது முதுகுல பிரச்சினை இருந்ததா?" என்று அவர் கேட்டபோது டீச்சர் பெரியவளைப் பார்த்தாள். பெரியவள் ஒன்றும் விடாமல் சொன்னாள். சிறுநீரகத்தில் ஆரம்பித்து முதுகெலும்பில் வந்து உட்கார்ந்த, கணவனின் புற்றுநோய். அது தெரிந்தபோது எல்லாம் கைமீறியிருந்தது. டாக்டரம்மா இடையில் ஒரு கேள்வியும் கேட்காமல் கேட்டுக்கொண்டார்.

ஆபரேஷன் அறைக்கு வெளியே அதே பெஞ்சு. அதே மருந்து நெடி. கணவனுக்காக அன்றைக்கு உட்கார்ந்த அதே முனையில்தான் உட்கார்ந்திருக்கிறோம் என்பது பெரியவளுக்குச் சற்றுக் கழித்துத்தான் உறைத்தது. பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. ஆனாலும் யாரோ உட்காருவதற்கு விடுவதுபோல அவள் ஒடுங்கியே இருந்தாள். டீச்சர் அதைப் பார்த்தாள். அந்த இடத்தில் உட்காராமல் மறுபக்கமாக வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, மாமாவுக்கு எப்படி இருந்துது? ஆரம்பத்துல?"

இத்தனை நாளில் அவள் அதைக் கேட்டதே இல்லை.

"பகல்ல தெரியாது. ராத்திரி படுத்தா அதிகமாகும். எப்படிப் புரண்டு படுத்தாலும் விடாது. அப்பப்போ காய்ச்சல். ஆள் மெலிஞ்சுட்டே வந்தார். பேன்ட் இடுப்புல நிக்காது, பெல்ட்ல புதுசா ஓட்டை போட்டுக்குவார். 'பாத்தியா, மாப்பிள்ளைக் கோலம் திரும்ப வருது'ன்னு கிண்டல் வேற." பெரியவள் சிரித்தாள். சிரித்த வேகத்தில் கண் நிறைந்தது. "நானும் சேர்ந்து சிரிச்சேன்."

பெரியவளின் புடவைத் தலைப்பு தரையில் புரண்டுகொண்டிருந்தது. டீச்சர் அதை எடுத்து அவள் மடியில் வைத்தாள்.

பொழுது சாய்வதற்குள் ஆபரேஷன் முடிந்து அவனை வார்டுக்குக் கொண்டு வந்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் டாக்டரம்மா வந்தார். பஞ்சை நூலாகத் திரித்து விரல் நுனியில் வைத்துக்கொண்டார்.

"கண்ணை மூடிக்குங்க. நான் தொடறப்ப சொல்லுங்க."

வலது பாதத்தைத் தொட்டார். "தெரியுது" என்றான்.

வலது கணுக்கால். "தெரியுது."

இடது பாதம். பஞ்சு விரலருகே போயிற்று. இன்னும் படவில்லை. காற்றில்தான் நின்றது.

"தெரியுது" என்றான் சின்னவன்.

டாக்டரம்மாவின் கை அப்படியே நின்றது. எதிரே நின்ற பெரியவளும் அதைப் பார்த்தாள். அவள் கணவன் முதல்முறை டாக்டரிடம் 'இப்பக் குறைஞ்சிருக்கு' என்று சொன்னபோதும் அவள் இப்படித்தான் எதிரே நின்றாள். குறையவில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆண்பிள்ளையை அவமானப்படுத்துவதா என்று பேசாமல் இருந்துவிட்டாள்.

"டாக்டர், அவர் பொய் சொல்றார்."

"அண்ணி!" என்று கத்திக் கண்ணைத் திறந்தான் சின்னவன்.

"கத்து. எவ்வளவு வேணும்னாலும் கத்து. ஆனா பொய் சொல்லாத. இங்க எதையும் தூக்கிப் பிடிக்கச் சொல்லி உன்னை யாரும் கேக்கல."

டாக்டரம்மா கோபிக்கவில்லை. "எனக்கு நல்லவரா நடந்துக்க வேண்டாம். எது தெரியலையோ அதைச் சொன்னாத்தான் நான் வேலை செய்ய முடியும்" என்றார். "மறுபடியும் கண்ணை மூடுங்க."

பஞ்சு பாதத்தில் பட்டது. மௌனம். கட்டைவிரலில் பட்டது. மௌனம். குதிகாலுக்குப் போனது.

"தெரியல" என்றான். அந்த ஒரு வார்த்தை வந்ததும் மற்றதெல்லாம் அதன் பின்னாலேயே வந்தது. "தெரியல டாக்டர். அந்தக் கால் இருக்கறதே தெரியல. எனக்கு பயமா இருக்கு." தலையணை நனைகிற அளவுக்கு அழுதான். மூட்டை தூக்குகிற அந்தப் பெரிய உடம்பு கட்டிலோடு சேர்ந்து குலுங்கியது.

டீச்சர் கட்டிலின் கால்மாட்டுக்குப் போனாள். அவனுடைய இடது பாதத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

"நான் பிடிச்சிருக்கேன். தெரியுதா?"

"தெரியல."

"சரி. தெரியும்போது சொல்லுங்க."

டாக்டரம்மா முழங்காலுக்குக் கீழே ஓர் இடத்தைத் தொட்டபோது, 'லேசா' என்றான். இந்த முறை பஞ்சு உண்மையிலேயே பட்டிருந்தது. "இது போதும் இன்னிக்கு. நரம்பு மெதுவாத்தான் வரும்" என்று சொல்லிவிட்டு அவர் வெளியே நடந்தார். வாசலைத் தாண்டும்போது பெரியவளைப் பார்த்துத் தலையசைத்தார்.

நடைபாதையில் வைத்துத் தணிந்த குரலில் சொன்னார். "ஆபரேஷன்ல எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பியிருக்கேன்."

"எல்லாருக்கும் அனுப்புவீங்களா, டாக்டர்?"

அவர் சற்றுத் தயங்கினார். "இல்ல. ஸ்கேன்ல, பக்கத்து எலும்புல ஒரு சின்ன நிழல் தெரிஞ்சுது. அந்த மாதிரி நிழல் நிறையப் பேருக்கு இருக்கும், ஒண்ணும் செய்யாது. நீங்க அவர் அண்ணனைப் பத்திச் சொல்லாம இருந்திருந்தா நான் விட்டிருப்பேன். சொன்னதால அங்கிருந்தும் கொஞ்சம் எடுத்தேன். காலையில அவர்கிட்டயும் அவர் மனைவிகிட்டயும் நானே பேசறேன். அதுக்குள்ள நீங்க சொல்றதா இருந்தாலும் சரி."

பெரியவள் வார்டு வாசலில் நின்றாள். உள்ளே டீச்சர் பாதத்தை விடாமல் உட்கார்ந்திருந்தாள். சின்னவனின் பார்வை வாசலிலேயே இருந்தது.

"டாக்டர் வெளிய கூப்பிட்டு என்ன சொன்னாங்க, அண்ணி?"

கூசாமல் ஒரு பொய் சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது. அவன் அழுது ஓய்ந்த முகத்தைப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துக் கட்டிலருகே போட்டு உட்கார்ந்து, நிழலைப் பற்றிச் சொன்னாள். பூசி மெழுகாமல், கேட்டது கேட்டபடி.

அவன் நெடுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். டீச்சரின் விரல்கள் அந்தப் பாதத்தில் இறுகின. அது அவனுக்குத் தெரியவில்லை.

"எப்பத் தெரியுமாம்?" என்று கேட்டாள் டீச்சர்.

"அடுத்த வாரம்" என்றாள் பெரியவள்.